தங்கராஜு இடது கையால் ஆடிய ஆட்டம்

இப்போது எங்கள் கோல்ஃப் போட்டிக்கு பேனர் கட்டுகிறார்கள், சட்டை அச்சடிக்கிறார்கள், கோலாலம்பூரிலிருந்தெல்லாம் ஆள் வருகிறது. எப்படி ஆரம்பித்தது என்று யாராவது கேட்டால், சாத்தப்பன் மைக்கைப் பிடித்துக்கொண்டு பல்கலைக்கழக நட்பு, ஒற்றுமை என்று நீட்டி முழக்குவார். அதெல்லாம் சும்மா. என் வீட்டுக்காரர் கோபப்பட்டதால் ஆரம்பித்த போட்டி இது.

அவர் பெயர் தங்கராஜு. ரந்தாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ரப்பருக்காகப் பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளை. செர்டாங் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்து, பிறந்த தோட்டத்துக்கே மேனேஜராக வந்தவர். வெள்ளைக்காரன் போட்டுவைத்த ஒன்பது குழி கோல்ஃப் திடல் அங்கே இருந்தது. சின்ன வயதில் உள்ளே கால் வைத்தால் விரட்டுவார்களாம். மேனேஜர் ஆன கையோடு மட்டை வாங்கிவிட்டார். அதன்பிறகு அந்தத் திடலில் அவரை ஜெயித்தவர்கள் அபூர்வம். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே இல்லை.

ஓய்வு பெற்று மம்பாவில் வீடு வாங்கிக் குடிவந்த வருடம் பக்கவாதம் வந்தது. கால் மெல்லத் தேறியது. வலது கை தேறவில்லை.

அதைவிடக் கொடுமை, பார்க்க வந்தவர்கள். செர்டாங்கில் அவரோடு ஒரே அறையில் இருந்த சாத்தப்பனும் சீவரத்தினமும் வாராவாரம் வந்தார்கள். சாத்தப்பன் சிரம்பானில் ஆடிட்டர், வாய் ஓயாதவர். சீவரத்தினம் லோபாக்கில் இருக்கிறார், பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், வாயே திறக்காதவர். முன்பெல்லாம் இவரை வாய்க்கு வந்தபடி கேலி செய்த இருவரும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, இவர் எது சொன்னாலும் சரி சரி என்று தலையாட்டினார்கள். அவர்கள் போன பிறகு, தன்னை ஓர் ஆளாகவே மதிப்பதில்லை என்று என்னிடம் பொருமுவார்.

ஒருநாள் வீட்டுக்குப் பின்னால் நின்று இடது கையால் மட்டையைச் சுழற்ற ஆரம்பித்தார். என் கறிவேப்பிலைச் செடி போனது, பக்கத்து வீட்டுப் பூந்தொட்டி போனது. மாதக்கணக்கில் பழகினார். பிறகு இருவருக்கும் போன் போட்டு, சனிக்கிழமை தோட்டத்துத் திடலில் மூவருக்குள் போட்டி என்று சொல்லிவிட்டார்.

நான் குடையோடு கூடவே நடந்தேன். இவர் அடிக்க அடிக்க இருவரும் கைதட்டினார்கள். அவர்களுடைய பந்துகளோ திடலோரச் செம்பனை மரங்களுக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தன. ஐந்தாவது குழிக்கு வரும்போது இவர்தான் முன்னால் இருந்தார். அங்கே சாத்தப்பனின் பந்து குழிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலும் விழும். மனுஷன் அதை வேறு பக்கம் தள்ளிவிட்டு, ஐயோ போச்சே என்று தலையில் கை வைத்தார். கேரம் ஆட்டத்தில்கூட ஒரு காயை விட்டுக்கொடுக்காத ஆள். நடிப்பும் வரவில்லை. சீவரத்தினம் தரையைப் பார்த்தார். காரில் வரும்போதே இருவரும் பேசி வைத்திருக்கிறார்கள்.

இவர் குனிந்து அந்தப் பந்தை எடுத்தார்.

"நான் செத்தா மாலை போட வாங்கடா. இப்ப உயிரோட நிக்கிறேன்ல, ஒழுங்கா ஆடுங்க."

சொல்லிவிட்டு முதல் குழிக்கே திரும்பி நடந்தார். இந்த முறை யாரும் கைதட்டவில்லை. இவர் பந்து வாய்க்காலில் விழுந்தபோது சாத்தப்பன் வாய்விட்டுச் சிரித்தார். இவருக்குப் படுதோல்வி. அடுத்த வருடமும் வாருங்கள், பார்த்துக்கொள்கிறேன் என்று சவால் விட்டார். அந்தச் சவால்தான் இன்று பேனர் வரைக்கும் வந்திருக்கிறது.

கிளப் கொட்டகையில் சோறும் கோழிப் பிரட்டலும் பரிமாறினேன். சாப்பிட்டு முடித்த சாத்தப்பன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மறுபடி உட்கார்ந்து, தட்டை இவர் முன்னால் தள்ளினார். ஹாஸ்டலில் எந்த ஆட்டமானாலும், தோற்றவன்தான் எல்லோர் தட்டையும் கழுவ வேண்டுமாம்.

"கழுவுடா. தோத்தவன் நீதானே."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. தட்டைப் பிடுங்க எழுந்தேன். அன்றைக்கென்று சீவரத்தினம் வாயைத் திறந்தார்.

"நீங்க இருங்கோ தங்கச்சி. அது அவன் வேலை."

குழாயடியில் இவர் ஒவ்வொரு தட்டையும் வயிற்றோடு அணைத்து, இடது கையால் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்து வைத்தார். சாத்தப்பன் ஒன்றை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார்.

"இன்னும் எண்ணெ போவல லா. திரும்பக் கழுவு."

இவர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். சாத்தப்பன் அதைவிட மோசமான ஒன்றைத் திருப்பிச் சொன்னார். நோய் வந்ததிலிருந்து இவரை யாரும் திட்டியதே இல்லை. தட்டைப் பிடுங்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டே குழாயடிக்குப் போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான்.