பூஜையில் வைத்த டிஸ்க்

எடைக்கற்களுக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவே, சந்தனமும் குங்குமமும் வைத்து, வாழையிலையில் கிடந்தது அந்தக் கறுப்பு ஹார்ட் டிஸ்க். ஆரணியில் ஒரு பட்டுச்சேலைக் கடைக்கு நான் மேலாளராக இருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஏதோ ஓர் ஆயுதபூஜை. அதை அங்கே வைத்தவன் நான்தான்.

கடைக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டவள் என் தங்கை மகள். பெரணமல்லூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். யாருக்கும் அடங்காத வாய். போடுகிற பில், நெசவாளர் கொண்டுவந்து தரும் சேலை, எதுவானாலும் முதலில் லாக் என்ற ஃபைலில்தான் பதிவாகும் என்பாள். அதை வெளி டிஸ்க்கில் நகலெடுத்தால்தான் பழைய இடம் மறுபடி பயன்படும். எடுக்காவிட்டால் லாக் பெருத்துக்கொண்டே போய் கம்ப்யூட்டரில் இருக்கிற இடம் முழுவதையும் அடைத்துவிடும். தினமும் சாப்பாட்டு நேரத்தில் அவள் நகலெடுத்துவிடுவாள்.

பூஜையில் வைத்ததை மறுநாள் புனர்பூஜை முடியும்வரை எடுக்கக்கூடாது என்றேன். அப்படியானால் கம்ப்யூட்டர் மட்டும் ஏன் ஓடுகிறது என்று கேட்டாள். தீபாவளி வியாபாரம் என்றேன்.

"அப்ப சாமிக்கு டிஸ்க்கு மேல மட்டும்தான் கோவமா மாமா?"

கடையே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குப் பிறகு நான் இறங்கி வருவதாக இல்லை.

விஜயதசமி காலை, கூட்டம் நெரியும்போது பில் போடுவது நின்றது. இடமில்லை என்றது திரை. டிஸ்க்கைக் கொடுங்கள், கொஞ்ச நேரத்தில் சரிசெய்துவிடுகிறேன் என்றாள். அத்தனை பேர் முன்னால் தோற்க எனக்கு மனமில்லை. லாக்கைத் தூக்கிப் போடு, ஜல்தி என்றேன்.

"அது குப்பை இல்ல மாமா. நேத்துலர்ந்து நடந்ததெல்லாம் அதுலதான் கீது. என் கையால அழிக்கமாட்டேன்."

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். நான் உட்கார்ந்தேன். கடைக் கணக்கு முழுவதும் இருக்கும் டேட்டாபேஸை நிறுத்தி, அந்த லாக் ஃபைலை அழித்தேன். அதன்பின் டேட்டாபேஸ் திறக்கவே இல்லை. கடைசியில் பூஜையிலிருந்து அந்த டிஸ்க்கையே எடுத்து அதிலிருந்த நகலை ஏற்றியபோது, அதற்குப் பிறகு பதிந்தது எதுவும் அதில் இல்லை. சேலை கொடுத்த நெசவாளர்களைத் தேடிப்போய், என்ன கொடுத்தீர்கள் என்று கேட்கவேண்டி வந்தது.

யார் வேலை இது என்று முதலாளி கேட்டார். பெண் தெரியாமல் செய்துவிட்டாள் என்றேன்.

"நான் தொடலைங்க. தொட்டவரு உங்க பக்கத்துலயே நின்னுகினு இருக்காரு" என்றாள் அவள்.

முதலாளி என்னைத்தான் நம்பினார். மன்னிப்புக் கேட்டால் வேலை உண்டு என்றார். செய்யாததற்கு மன்னிப்புக் கேட்டு வாங்குகிற வேலை தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். கணக்கைத் தொலைத்த பெண் என்று பேர் பரவி, ஆரணியில் ஒரு கடையும் அவளைச் சேர்க்கவில்லை. பிறகு செய்யாறு கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போனாள். அங்கே மேலே வந்தாள். அதில் என் பங்கு ஒன்றுமில்லை.

போன மாதம் அவள் புதுவீட்டுப் பந்தியில், சாம்பார் ஊற்ற வந்தவளிடம், என்னை மன்னித்துவிடு என்றேன்.

"எங்கிட்ட சொல்லி இன்னா மாமா ஆவுது? நான்தான் அன்னிக்கே கண்ணால பார்த்தேனே. தெரியாதவங்ககிட்ட சொல்லுங்க. சாப்பிடுங்க, ஆறுது."

முதலாளி இப்போது இல்லை. அவளைச் சேர்க்காத கடைக்காரர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். லாக்கை அழித்தவன் நான். மாட்டேன் என்று சொன்ன ஒரே ஆள் அவள்.