பையை எண்ணிய ஆயா

பை ஆயாவுக்கு மனிதத் தலைகள்மேல் நம்பிக்கை கிடையாது. மழலையர் பள்ளி வேனில் வேலைக்கு வருவதற்கு முன் பதினோரு வருடம் பேருந்து நிலையத்துச் சாமான் அறையைப் பார்த்துக்கொண்டவள். அங்கே ஆட்கள் வந்தார்கள், போனார்கள், வாய் கூசாமல் பொய் சொன்னார்கள்; பைகள் மட்டும் வைத்த இடத்தில் இருந்தன. அதனால் வேனிலும் அவள் பிள்ளைகளை எண்ணியதே இல்லை. பிள்ளை என்றால் குதிக்கும், எண்ணும்போதே இடம் மாறும். பை மாறாது. பன்னிரண்டு பை என்றால் பன்னிரண்டு பிள்ளை. இந்த மகா கெட்டிக்காரத்தனத்தால்தான் அவளுக்கு அந்தப் பெயரே வந்தது.

வேன் பள்ளத்தில் கவிழ்ந்த அன்றும் அதையேதான் செய்தாள். ஓட்டுநர் கண்ணாடியை உடைத்துப் பிள்ளைகளையும் பைகளையும் வெளியே நீட்ட, தோள் பிசகிய ஆயா ஒரு கையால் வாங்கி வாங்கிப் புல்லில் உட்கார வைத்தாள். பிறகு பைகளை எண்ணினாள். பன்னிரண்டு. "எல்லாம் வந்தாச்சு!" என்று அறிவித்துவிட்டு, யாரோ நீட்டிய தண்ணீரை மடமடவென்று குடித்தாள்.

குண்டூசியின் பை வந்திருந்தது. குண்டூசி வரவில்லை. நாலு வயது, ஒல்லி உடம்பு, உருண்டைத் தலை. அந்தப் பெயர் ஏன் என்று யாரும் கேட்டதில்லை. பின்சீட்டுக்கு அடியில் கிடந்து தகரத்தைத் தட்டினாள். ஒரு வழிப்போக்கர் காதில் அது விழும்வரை தட்டினாள். எவ்வளவு நேரம்? பள்ளிக்கூடம் எழுதிக் கொடுத்த அறிக்கையில் 'இரண்டே நிமிடத்தில் அனைவரும் மீட்கப்பட்டனர்' என்று இருந்தது. காகிதத்துக்கு என்ன, எதை எழுதினாலும் வாங்கிக்கொள்ளும்.

பள்ளி திறந்ததும் பிள்ளைகள் வேன் விளையாட்டு ஆரம்பித்தார்கள். நாற்காலிகளை இரண்டிரண்டாகப் போட்டு, ஒருவன் தட்டைத் திருப்பி ஓட்டுவான். "டமால்!" நாற்காலிகள் கவிழும்; எல்லோரும் அலறிக்கொண்டு தவழ்ந்து வெளியேறுவார்கள். நாலைந்து நாளில் அந்த வேன் ஆம்புலன்ஸ் ஆனது, ஆம்புலன்ஸ் விமானம் ஆனது, விமானம் ஐஸ் வண்டி ஆனது. குண்டூசிக்கு மட்டும் வேன் வேனாகவே இருந்தது. பையை வெளியே வீசிவிட்டு நீள மேசைக்கு அடியில் போய்ப் படுத்துவிடுவாள். மணி அடித்தாலும் வரமாட்டாள். இழுத்தால் கடிப்பாள்.

தலைமையாசிரியை இதற்காக ஒருநாள் பயிற்சிக்குப் போய் வந்தார். உலகத்தில் ஒருநாள் பயிற்சியைவிட ஆபத்தான படிப்பு கிடையாது. சிரிப்பு முகம் போட்ட ஸ்டிக்கர் ஒரு கட்டு கொண்டுவந்தார். விபத்தைப் பற்றி வாய் திறக்காத பிள்ளைக்கு ஒரு ஸ்டிக்கர். பொம்மை வேன், லாரி எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டினார். பிள்ளைகள் செருப்பை வேனாக்கிக்கொண்டார்கள். குண்டூசியின் நெற்றியில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிப் பார்த்தார். அவள் பிய்த்து மேசையின் அடிப்பக்கம் ஒட்டினாள்.

கடைசியில் குண்டூசியின் அம்மாவை வரவழைத்தார். "வியாழக்கிழமைக்குள்ள இந்த விளையாட்டு நிக்கலன்னா, வேற ஸ்கூல் பாத்துக்கோங்க. மத்த பிள்ளைங்க மனசு கெட்டுப்போகுது."

மற்ற பிள்ளைகளின் மனசு அப்போது ஐஸ் விற்றுக்கொண்டிருந்தது.

கதவோரம் பெருக்கிக்கொண்டிருந்த ஆயாவின் காதில் இது விழுந்தது. பை வெளியே, ஆள் உள்ளே. குண்டூசி விளையாடுவது தன்னுடைய முட்டாள்தனத்தைத்தான் என்று அவளுக்கு மட்டும் தெரியும். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் பிள்ளை போகும். இரண்டு நாள் அந்தப் பெரிய மனுஷி பெருக்கிய இடத்தையே பெருக்கினாள்.

வியாழக்கிழமை காலை துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டு மேசை முன்னால் வந்து நின்றாள். ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பிடித்துப் பிடித்து, ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினாள்.

"பதினொண்ணு! ஐயோ, ஒண்ணு கொறையுதே! என் குண்டூசி எங்க?" மண்டியிட்டுக் கையை நீட்டினாள். "வந்துட்டேன்டி கண்ணு."

உள்ளேயிருந்து எரிச்சலாக ஒரு குரல் வந்தது. "தப்பு. நீ இன்னும் வரல."

"வந்துட்டேனே?"

"நீ அங்க நின்னு தண்ணி குடிக்கணும். 'எல்லாம் வந்தாச்சு'ன்னு சொல்லணும். நான் பாத்தேன்."

ஆயா எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். "எல்லாம் வந்தாச்சு" என்று முனகினாள்.

"சத்தமா!"

சத்தமாகச் சொன்னாள். மேசைக்கு அடியில் டம் டம் என்று தட்டல். ஓடிக் குனிந்தாள். குண்டூசி அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள், கடிக்கவில்லை. "மறுபடி," என்றாள்.

மூன்று முறை. மூன்று டம்ளர். சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை ஸ்டிக்கர் கட்டோடு வந்து சேர்ந்தார்.

"என்ன ஆயா இது? நீங்களே சேந்து ஆடினா எப்படி? நிறுத்துங்க!"

"அன்னிக்கு நான் பையத்தான்மா எண்ணினேன். ஆள எண்ணல. இவ உள்ள கெடந்து தட்டுறா, நான் வெளிய நின்னு தண்ணி குடிக்கிறேன். அதத்தான் இவ தெனம் விளையாடறா."

"ரெண்டு நிமிஷம்னு எழுதிக் கொடுத்திருக்கோம்! வெளிய தெரிஞ்சா என் கதி என்ன? நாளைலருந்து நீங்க வர வேண்டாம்."

"சரிம்மா. இன்னிக்கு மூணு மணி வரைக்கும் எனக்கு வேலை இருக்கு."

குண்டூசி இதில் எதையும் காதில் வாங்கவில்லை. ஆயாவின் கையை இழுத்து, மேசையைக் காட்டினாள்.

"இப்ப நீ உள்ள போ."

ஐம்பத்து மூன்று வயது, வயிறு நிறையத் தண்ணீர். ஆயா நுழைந்தாள். முன்பாதிதான் நுழைந்தது, பின்பாதி வெளியே நின்று தலைமையாசிரியையை நேருக்கு நேர் பார்த்தது.

குண்டூசி டம்ளரை எடுத்து, அவசரமே இல்லாமல், மடக்கு மடக்காகக் குடித்தாள். "எல்லாம் வந்தாச்சு!" என்றாள். "ஆயா, பயமா இருக்கா?"

"இருக்குடி."

"அப்போ தட்டு."

ஆயா தட்டினாள். குண்டூசி இன்னொரு மடக்குக் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகுதான் ஓடிவந்து தலையை உள்ளே நீட்டினாள். "அழாத. நீ வெளிய வரலன்னு எனக்குத் தெரியும். வந்துட்டேன்."

இரண்டு கையாலும் இழுத்தாள். ஆயா தட்டுத் தடுமாறி வெளியே வந்தாள். முகம் பார்க்கிற நிலையில் இல்லை.

"நாளைக்கும் நீதான் உள்ள," என்றாள் குண்டூசி.

"நாளைக்கு நான் இல்லடி கண்ணு. உங்க மிஸ் போவாங்க."

குண்டூசி தலைமையாசிரியையை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை அளந்தாள். பிறகு மேசையோரம் இருந்த இரண்டு நாற்காலிகளைத் தள்ளி வழியை அகலமாக்கினாள்.