கைத்தடத்தின் அடிப்பக்கம்

கெர்ட்ரூட் ஞாயிறு தவறாமல் பிரிக்ஃபீல்ட்ஸ் தேவாலயத்தில் பூசைக்குப் போவாள். பகைவரை மன்னியுங்கள் என்று சாமியார் சொல்லும்போது மட்டும் அவளுக்குக் காது கேட்காது. அப்பேர்ப்பட்ட நெஞ்சழுத்தக்காரி.

ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள். இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டவள். ஓய்வு பெற்றதும், கிள்ளானில் திறக்கவிருந்த ஒரு தனியார் கண்காட்சிக் கூடத்தில் பிளாஸ்டர் அச்சு எடுக்கும் வேலை கிடைத்தது. மேனேஜர் கார்த்திகேசு. அவள் சேர்ந்த முதல் மாதமே அந்த மனுஷன் கண்காட்சிக்கு வந்த, கல்லாகிப்போன பழங்காலச் சங்கு ஒன்றைக் கீழே போட்டு உடைத்தார். முதலாளி தங்கரத்தினம் வந்து கேட்டதும், "இந்தம்மா கை நடுங்குது சார், வயசாச்சுலா" என்று கூசாமல் சொல்லிவிட்டார்.

எத்தனை பேர் எலும்பைச் சேர்த்த கை! எட்டு மாதம் அந்தச் சொல்லை மனசுக்குள் வைத்துக் கறுவிக்கொண்டிருந்தாள்.

தொண்ணூற்றேழில் வெளிநாட்டிலிருந்து ரப்பர் அச்சுகள் வந்தன. டைனோசர் காலத்தில் பறந்த ராட்சசப் பிராணி ஒன்று சேற்றில் பதித்து, கல்லாகிப்போன தடங்களின் அச்சு. அடேயப்பா, இறக்கையை விரித்தால் ஒரு மினி பஸ்ஸையே மூடிவிடுமாம்! தரையில் இறங்கினால் இறக்கையை மடக்கி, கையையும் ஊன்றி நடக்குமாம். கால்தடம் முன்னே பார்த்தது. மூன்று விரல் கைத்தடம் வெளிப்பக்கம் பார்த்தது. கூட வந்த படத்திலும் அப்படியே இருந்தது.

"என்ன கோணலா கிடக்கு? விரலெல்லாம் முன்னால பார்க்கிற மாதிரி திருப்பி வை" என்றார் கார்த்திகேசு.

"படத்துல இப்படித்தான் இருக்கு பாஸ். அது கை."

"கட்டுப் போட்டவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? சொன்னதைச் செய்லா!"

இன்னொரு தரம் எடுத்துச் சொல்லியிருக்கலாம். ஒருவேளை கேட்டிருப்பார். கேட்டுவிடப் போகிறாரே என்றுதான் அவள் சொல்லவில்லை.

டாக்டர் பேச்சை மீறி வீட்டுக்குக் கிளம்பும் நோயாளியிடம், எது நடந்தாலும் தன் பொறுப்பு என்று ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்குவார்கள். கெர்ட்ரூட் முதல் கைத்தடப் பலகையை வார்த்தாள். ஈரம் காயுமுன் அதன் பின்பக்கம் ஆணியால், 'கைத்தடத்தைத் திருப்பச் சொன்னது நான்' என்று எழுதித் தேதியும் போட்டாள்.

"ஒரு சைன் போடுங்க பாஸ். ஆஸ்பத்திரிப் பழக்கம்."

தன் பெயர் எங்கே இருந்தாலும் கார்த்திகேசுவுக்குத் தலைகால் புரியாது. "நம்ம பேரும் இருக்கட்டும்லா" என்று முழுப்பெயரையும் நீட்டிப் போட்டார்.

திறப்பு விழாவுக்குத் தொல்லுயிரியல் பேராசிரியர் சிவமலர் வந்தார். பத்திரிகைக்காரர்களும் வந்திருந்தார்கள். தரையில் வரிசையாக வைத்திருந்த தடங்களைக் குனிந்து பார்த்த பேராசிரியர் நெற்றியைச் சுருக்கினார்.

"கை எல்லாம் திரும்பியிருக்கே! இப்படி நடந்தா இதுக்குத் தோள் கழண்டுடும்."

கூட்டம் சிரித்தது. தங்கரத்தினத்தின் முகம் கறுத்தது.

"எல்லாம் இந்தம்மா வேலை சார்" என்றார் கார்த்திகேசு, கொஞ்சமும் யோசிக்காமல். "நான் அப்பவே சொன்னேன், கேட்கல. இன்னையோட வேலையை விட்டு நிறுத்திடலாம்."

கெர்ட்ரூட் குனிந்து முதல் பலகையைப் பெயர்த்து, புரட்டி, முதலாளி முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். சிவமலர்தான் வாய்விட்டு வாசித்தார். கையெழுத்துக்கு வந்ததும் எல்லோரும் கார்த்திகேசுவைப் பார்த்தார்கள்.

அவர் கண் தரையை விட்டு எழவில்லை. பலகை நல்ல பாரம். அவள் இறக்கவில்லை.

"நிமிர்ந்து பாருங்க பாஸ்," என்றாள். "கை நடுங்குதா?"