பத்தாம் நாள் திறந்த கதவு

நாய்க்கார அக்கா அன்று ஏன் என்னைத் தடுக்கவில்லை? இரண்டு வருஷமாக யோசித்தும் விடை கிடைக்கவில்லை. நாய்களைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும். எனக்கு ஒன்றும் தெரியாது. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், கதவு திறந்திருக்காது.

பத்து காஜா ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் என் கணவர் சின்னக் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. நான் ஈப்போவில் மிஷன் பள்ளியில் ஏழாவது வரை படித்தவள். கல்யாணமாகி இங்கே வந்த வருஷம்தான், சீமைக்கு லீவில் போன தோட்டத்து வெள்ளைக்காரத் துரை இரண்டு அல்சேஷன் நாய்களோடு கப்பலிலிருந்து இறங்கினார். ஓர் ஆண், ஒரு பெண். விறைத்து நிற்கும் காதும் சரிந்த பின்னங்கால்களுமாக அப்படியொரு நாயை எங்கள் பக்கத்தில் எவரும் பார்த்ததில்லை. "நாயின்னு சொல்லி ஓநாய ஏத்திட்டு வந்துட்டாருடா தொர" என்று கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் பேச்சு. பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் சங்கிலியைப் பிடிக்க ஆள் கேட்டபோது, வரிசையில் நின்ற ஆண்கள் எல்லோரும் தங்கள் கால்விரல்களைப் பார்த்தார்களாம். துரை பங்களாவில் புல் வெட்டிக்கொண்டிருந்த ஒரு விதவைப் பெண் கத்தியை ஓரமாக வைத்துவிட்டு, தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, வேறெங்கோ பார்த்தபடி கையை மட்டும் நீட்டினார். பெண் நாய் வந்து அந்தக் கையை முகர்ந்தது. அன்றோடு அவருக்குப் புல் வெட்டும் வேலை நின்றது. எல்லோருக்கும் அவர் நாய்க்கார அக்கா ஆனார்.

துரைக்குப் பெரிய ஆசை. மலாயா முழுக்க இந்த ஜாதியைப் பரப்ப வேண்டும். கோலா கங்சாரிலும் சித்தியவானிலும் இருந்த துரைமார்கள் பிறக்காத குட்டிகளுக்கு அப்போதே சொல்லி வைத்திருந்தார்கள். ஜூனோ என்ற அந்தப் பெண் நாய்க்கு வயது போதாது, அடுத்த வருஷம்தான் சேர்க்கலாம் என்று அவர் காத்திருந்தார். அந்தச் சமயத்தில் வைத்தியத்துக்காக அவர் இரண்டு மாதம் பினாங்கு போக வேண்டி வந்தது. புறப்படும் நாளில் ஜூனோவுக்கு முதல் தடவையாக உதிரம் கண்டது. பங்களாவில் ஆண் நாய் இருந்தது. லயத்திலோ திரும்பிய பக்கமெல்லாம் நாய். நல்ல தாழ்ப்பாள் உள்ள வீடு எங்களுடையது. என் கணவர் முடியாது என்று சொல்லக்கூடிய இடத்தில் இல்லை.

அன்று மாலை அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "முடியிற வரைக்கும் வெளிய விடக் கூடாதாம்."

"என்ன முடியிற வரைக்கும்?"

"அதான்... ஒனக்குத் தெரியாதா?"

குழந்தைக்கு விசிறத் தொடங்கிவிட்டார். நானும் மேலே கேட்கவில்லை. துரை அவரிடம் எத்தனை நாள் என்று சொன்னாரா, துரைக்கும் கூச்சமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாளிலிருந்து அந்தப் பலகை வீட்டில் நானும், தவழத் தொடங்கியிருந்த என் மகனும், அந்த நாயும் அடைபட்டோம். ஜன்னலைக்கூடத் திறக்க முடியாது. மரக்கால்கள்மேல் தூக்கிக் கட்டிய வீடு. கீழே லயத்து நாய்கள் வந்து படுத்துக்கொண்டு பலகையைப் பிராண்டும். தகரக் கூரையின் சூட்டில் ஜூனோ மூச்சிரைப்பாள். குழந்தை அவள் வாலைப் பிடிக்கப் போவான். நான் பாய்ந்து தூக்குவேன். அவனை இடுப்பில் வைத்தபடியே சமைத்தேன், துவைத்தேன். மத்தியானம் அக்கா இறைச்சி அவித்துக் கொண்டுவருவார். அது மாட்டிறைச்சி என்பதால் சட்டியை வெளியிலேயே வைப்பார். "ஒங்க அடுப்புக்கு ஒண்ணும் ஆவாது கிராணியம்மா, பயப்படாதீங்க" என்று சிரிப்பார். ஜூனோவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "பாத்தியாடி, கப்பலேறி வந்தும் ஒனக்கும் ஜெயிலு, அம்மாவுக்கும் ஜெயிலு" என்பார். எனக்குச் சிரிப்பு வராது.

பத்தாம் நாள் காலையில் உதிரம் நின்றிருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். நம் வீடுகளில் பெண்கள் விலகியிருந்து, தலைமுழுகிவிட்டால் எல்லாம் முடிந்து புழங்கத் தொடங்கிவிடுவோம் அல்லவா? நான் அப்படித்தான் கணக்குப் போட்டேன். நாய்க்கு உதிரம் நின்ற பிறகுதான் சினைப்படும் ஆபத்து தொடங்குகிறது என்று எந்தப் பாடப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

"முடிஞ்சிருச்சுக்கா. குளிப்பாட்டி வெளிய விட்டுடலாமா?" என்று கேட்டேன்.

அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "நீங்க சொன்னா சரிதாம்மா" என்றார்.

இருவரும் சேர்ந்து அவளைக் குளிப்பாட்டினோம். "தொறங்கக்கா" என்றேன். அவர் தாழ்ப்பாளை நீக்கினார். நான் குழந்தைக்குப் பால் கொடுக்க உள்ளே போனேன். வெளியே வந்தபோது லயத்துச் செவலை நாய் ஒன்று ஜூனோவோடு சேர்ந்திருந்தது. அக்கா தண்ணீர் வாளியோடு நின்றுகொண்டிருந்தார். ஊற்றவில்லை. "இனிமே ஊத்தி என்னாம்மா ஆவப் போவுது" என்றார்.

அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் அந்த வாயில்லாப் பிராணிமேல் இரக்கமா? என்மேல் இரக்கமா? இல்லை, கிராணி வீட்டு அம்மா படித்தவள், அவளை எதிர்த்துப் பேசி வழக்கமில்லை என்பதுதான் காரணமா? கடைசியாகச் சொன்னதுதான் உண்மையாக இருக்கும் என்று எனக்குப் பயம்.

துரை திரும்பியபோது வயிறு சொல்லிவிட்டது. ஒருமுறை கலந்துவிட்டால் அப்புறம் பிறக்கும் குட்டிகளும் சுத்தமாக இருக்காது என்பது அவர் நம்பிக்கை. எங்கள் வாசலில் நின்று, "யாரு கதவு தொறந்தது?" என்று தமிழில் கேட்டார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா முன்னால் வந்தார்.

"நாந்தான் தொர. அம்மா புள்ளைக்குப் பால் குடுக்க உள்ள போயிருந்தாங்க."

அதில் பொய் இல்லை. திறந்தது அவர் கைதான். திறக்கச் சொன்ன வாயை நான் மூடிக்கொண்டேன். மறுநாள் பெரட்டில் அவர் பெயர் இல்லை, வேலை போய்விட்டது. மூட்டையோடு வந்து, "ஜூனோ சோத்துல உப்புப் போடாதீங்க, மேல் அரிக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். துரை ஜூனோவை எங்களிடமே விட்டுவிட்டார். குட்டிகள் லயம் முழுக்கப் பரவிவிட்டன. "ஒரு காது தொர, ஒரு காது லயம்" என்று எல்லோரும் சிரிக்கிறார்கள். என் மகன் இப்போது ஜூனோவின் முதுகில் சாய்ந்துதான் தூங்குகிறான்.

போன மாதம் அவனுக்குக் காய்ச்சலென்று பத்து காஜா ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா அங்கே வாசல் கூட்டிக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். முதலில் ஜூனோவை விசாரித்தார். மகனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாக, "தொரகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்கம்மா. என் தங்கச்சி அங்கதான இருக்கா, நானும் வந்துருவேன்" என்றார்.

"சொல்றேங்க்கா" என்றேன்.

இன்னும் சொல்லவில்லை. சொன்னால், அன்று எனக்காக யார் பழியை ஏற்றார் என்பதையும் சொல்ல வேண்டும். என் கணவருக்குப் பெரிய கிராணி வேலை கிடைக்கப்போகும் நேரம் இது. வேலை போனால் இந்த வீடும் போகும். தாழ்ப்பாளைத் திறக்கச் சொன்னது நான்தான் என்று கணவரிடமும் நான் இன்னும் சொன்னதில்லை. அவருக்குத் தெரியாமல் இருக்குமா என்றும் தெரியவில்லை. மகனுக்கு மருந்து வாங்க அடுத்த வாரம் திரும்பவும் அந்த வாசல் வழியாகத்தான் போக வேண்டும்.

இதைப் படிக்கும் தாய்மார்கள் எனக்குப் புத்தி சொல்லுங்கள். முதலில் கணவரிடம் சொல்வதா, நேரே துரையிடம் போவதா? பிள்ளையை வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்லலாமா, சொல்லாமல் இருக்கலாமா? நீங்களாக இருந்தால் அந்த ஆஸ்பத்திரி வாசலில் அக்காவிடம் என்ன சொல்வீர்கள்?