தக்சாயினியின் பெயரில் ஒரு மோட்டார் சைக்கிள்

என் தங்கை தக்சாயினிக்குச் சண்டிலிப்பாய்க் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை. கணவன் விட்டுப்போன பின் மகன் சிவதர்ஷனைத் தனியாகத்தான் வளர்த்தாள். சண்டை, அடிபாடு என்று பள்ளிக்கூடம் அவனை விலக்கியது. தொழிற்பயிற்சிக்காவது போய்வரட்டும் என்று, அவனுடைய பதினாறாவது பிறந்தநாளுக்கு டொரொன்டோவிலிருந்து காசு அனுப்பி நான் மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன். லைசென்ஸ் எடுக்க வயதில்லை. தாயின் பெயரில் பதிந்தோம். எங்கள் ஊர்களில் இதை யாரும் பிழையென்று நினைப்பதில்லை.

பிறந்தநாள் வீடியோ வந்தது. ஏழெட்டுப் பெடியன்கள், நடுவில் சைக்கிள், சீற்றின் மேல் கேக். தர்ஷன் அதை வாளால் வெட்டினான். நான் சைக்கிளைத்தான் பார்த்தேன். இதயம் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

மூன்று மாதத்தில் அதே வாளோடு அந்தப் பெடியன்கள் ஒரு வீட்டுக் கேற்றைக் கொத்தப் போனார்கள். முகநூலில் தொடங்கிய சண்டை. மறிக்க வந்த அந்த வீட்டுப் பெடியன் சுபாங்கனின் வலக்கையில் தர்ஷனின் வெட்டு விழுந்தது. சைக்கிள் இலக்கத்தை யாரோ படம் எடுத்திருந்தார்கள்.

தக்சாயினி எனக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணை, இவன் அறைக்குள்ளை கிடந்து நடுங்குறான். சேட்டெல்லாம் ரத்தம்."

"சைக்கிள் களவு போட்டுதெண்டு பொலிசிலை சொல்லு. உவனைக் கொழும்புக்கு ஏத்து. வெளிநாட்டுக்கு அனுப்புற ஏஜென்சியோடை நான் கதைக்கிறன்."

"சுபாங்கன்ரை தாய் நேற்றும் என்னட்டைப் பருப்பு வாங்கினவ. பொய் சொல்லிப்போட்டு நாளைக்கு அவவுக்கு எப்பிடியண்ணை சாமான் நிறுக்கிறது?"

"பிள்ளையடி அவன்! பொலிசுக்காரர் அடிச்சுப் போடுவாங்கள்."

"ஓம், பிள்ளைதான். அதைத்தான் அவைக்கும் காட்டப்போறன்."

பழைய பள்ளிச் சீருடையைத் தேய்த்து அவனுக்குப் போட்டுவிட்டாள். கழுத்துப் பொத்தானைப் பூட்ட முடியவில்லை. வாளை உரப்பையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள்.

"என்ன தம்பி, சனிக்கிழமையும் பள்ளிக்கூடமோ?" என்று கண்டக்டர் சிரித்தான்.

பொலிஸ் நிலையத்தில் கேட்டார்கள்: "சைக்கிள் ஆற்றை?"

"என்ரை," என்றாள். அவளையும் மாலை வரை மர வாங்கில் இருத்தினார்கள்.

நீதிமன்றம் தர்ஷனை நன்னடத்தைப் பாடசாலைக்கு அனுப்பியது. சுபாங்கனின் தாய் இப்போது வேறு கடையில் பருப்பு வாங்குகிறார்.

"இனி ஒண்டும் அனுப்பாதேங்கோ அண்ணை. ஞாயிற்றுக்கிழமை ஐஞ்சு நிமிசம் அவனைக் கதைக்க விடுவினம். எடுங்கோ," என்றாள் தக்சாயினி.

எடுத்தேன். அவன் ஒன்றுதான் கேட்டான்.

"மாமா, சுபாங்கன் பேனை பிடிக்கிறானோ?"

தக்சாயினியிடம் விசாரித்தேன்.

"இடக்கையாலை எழுதிப் பழகுறானாம்."

வரும் ஞாயிறு அதை நான்தான் அவனுக்குச் சொல்ல வேண்டும்.