மூன்று தடவை

யுத்த காலத்தில் மாத்தளையில் எனக்கு உளவள ஆலோசனை தந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். பேசும்போது அவர் கை அடிக்கடி மடியிலிருந்த பைக்குள் போய்விட்டு வரும்.

நான் அரசாங்க அலுவலகமொன்றில் தட்டெழுத்தாளன். எந்தக் கடிதத்தையும் பத்துத் தடவை சரிபார்ப்பேன். அப்படியும் பயத்தில் நித்திரை வராது.

"இனி எதையும் ஒரு தடவ மட்டும் பாருங்க," என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வதிவிடச் சான்றிதழ்ல ஒரு இலக்கம் பிழைச்சா, செக்பொயின்ட்ல அந்த ஆளப் புடிச்சிருவாங்க மிஸ்!"

அவர் மறுக்கவில்லை. "அப்ப அத மூணு தடவ பாருங்க. லீவுக் கடிதத்துக்கு ஒரு தடவ போதும்."

"பைக்குள்ள என்ன மிஸ் தேடுறீங்க?"

"ஐடென்டிட்டி கார்ட். இரத்தோட்டை பஸ்ல போகணுமே, வழியில செக்பொயின்ட் இருக்கு. நானும் மூணு தடவதான் பாக்குறேன்."

நான் எண்ணிய வரையில் அது ஏழாவது தடவை.

அடுத்த மாதம் என் லீவுக் கடிதத்தை ஒரே தடவை வாசித்துக் கொடுத்தேன். திகதி போட மறந்திருந்தேன். ஆனாலும் லீவு கிடைத்தது. அதைச் சொன்னதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கும் முன்பே கை பைக்குள் போயிற்று.

அன்றைக்கு நான் எண்ணவில்லை.