சட்டை மேஸ்திரியின் மண்வெட்டி

பதினோரு வருஷமாக நான் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகன். சீட்டில் ஒருவன் அசந்து தூங்கினால் மற்றவர்களுக்குப் பாவமாக இருக்கும். எனக்கோ, இவன் டிக்கெட் எடுத்தானா என்றுதான் தோன்றும். வீட்டிலும் இதே புத்திதான் என்பது என் மனைவியின் புகார். இருக்கட்டும். சந்தேகம்தான் எனக்குச் சோறு போடுகிறது.

என் மாமனாரை எனக்குப் பிடித்துப்போனதும் அதனால்தான். சந்தேகப்படுவதில் அவர் என் ஜாதி. ரோட்டுக்குத் தார் போடும் வேலையில் இருபத்தெட்டு வருஷம் மேஸ்திரி. அவருக்குக் கீழே வேலை செய்தவர்கள் வைத்த பட்டப்பெயர் 'சட்டை மேஸ்திரி'. யாராவது "முடியலண்ணே, மயக்கமா வருது" என்று வந்து நின்றால் முகத்தைப் பார்க்க மாட்டார். முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சட்டை நனைந்திருந்தால், "போ, நிழல்ல உக்காரு." காய்ந்திருந்தால், "வேலை செஞ்சவன் முதுகாடா இது? போய் மண்வெட்டியை எடு." கல்யாணத்தன்றே என்னிடம் சொன்னார்: "ஆளை நம்பாதீங்க மாப்பிள்ளை. சட்டையை நம்புங்க. சட்டை பொய் சொல்லாது."

அப்படிப்பட்டவர், ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கும்போதே போன கோடையில் வேலையை விட்டுவிட்டு எங்களோடு வந்து தங்கினார். மாமியார் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், "போதும்" என்பார். அந்த ஒற்றைச் சொல்லே எனக்கு நெருடியது.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு குட்டிக் காடு. பழைய கழிவறையை இடித்துப் போட்ட செங்கல், உடைந்த ஓடு, துருப்பிடித்த கம்பி, இடுப்புயரக் களை. இந்த வருஷம் கோடை தொடங்கும்போதுதான் மகள் நடக்கத் தொடங்கியிருந்தாள். இறக்கிவிட்டால் நேராகப் பின்கதவுக்குத்தான் ஓடுவாள். தையல் மெஷினில் இருந்தபடியே ஒரு கண்ணைக் கதவின்மேல் வைத்திருந்தாள் என் மனைவி. ஒருநாள் அந்தக் கதவுப் படியில் ஒரு தேளை அடித்தாள்.

"நாலு நாள் வேலை. நான் பாத்துக்கறேன்" என்றார் மாமா.

நாலு நாள் நாற்பது நாளாயிற்று. கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்: "வெயில் தாழட்டும்." வெயில் கொளுத்தியது உண்மைதான். ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொண்டது. பத்து மணிக்கு மேல் வெளியே வராதீர்கள் என்று டிவியில் கெஞ்சினார்கள். ஆனால் கொதிக்கிற தார்மேல் இருபத்தெட்டு வருஷம் நின்ற மனிதருக்கா வெயில்? எலி ஏன் அம்மணமாக ஓடுகிறது என்று என் மூளை கேட்டது.

"சரி, ஞாயித்துக்கிழமை நானே பண்ணிடறேன்" என்றேன்.

"வெயில் தாழற வரைக்கும் ஒருத்தரும் பின்பக்கம் காலை வைக்கக் கூடாது!" வீடே அதிர்ந்தது. குழந்தை அழுதது.

அன்றிலிருந்து அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். தினமும் விடியற்காலை நாலரை மணிக்கு "நடந்துட்டு வரேன்" என்று கிளம்புவார். எட்டு மணிக்குத் திரும்புவார். குதிகாலில் செம்மண். எங்கள் பக்கமெல்லாம் கரிசல். வீட்டில் இருந்த ஒரே மண்வெட்டி, கோணியில் சுற்றி அவர் கட்டிலுக்கடியில் கிடந்தது; அவர் கிளம்பினால் அதுவும் கூடவே கிளம்பும். மண்வெட்டியோடு வாக்கிங் போகிறவரை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

"எங்கப்பாவையே சந்தேகப்படறீங்களா?" என்று சீறினாள் மனைவி. கொஞ்ச நேரம் தைத்தாள். பிறகு மெஷினை நிறுத்திவிட்டு, "செம்மண்ணுன்னு நல்லாத் தெரியுமா?" என்றாள்.

ஒருநாள் பின்தொடர்ந்து போனேன். ரயில்வே கேட்டைத் தாண்டி மூன்றாவது தெரு. தகரக் கூரை போட்ட வீடு. அதன் பக்கத்து மண்ணை மாமா கொத்திச் சமன் செய்துகொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும் ஒரு பெண் வெளியே வந்து, சுவர்மேல் டீ டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள். பழகின வீட்டில் எடுத்துக்கொள்வதுபோல மாமா அதை எடுத்துக் குடித்தார்.

சொந்தப் பேத்தி தேளுக்கு நடுவில் நடக்கிறாள், இவர் யார் வீட்டுக்கோ தோட்டம் போடுகிறார்! இன்னொரு குடும்பம்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். அங்கேயே பிடிக்கவில்லை. டிக்கெட் இல்லாதவனை ஓடுகிற பஸ்ஸில் பிடிப்பதைவிட, இறங்கும்போது பிடிப்பதுதான் என் வழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி. மாமா முன்னறையில் படுத்திருந்தார். நான் கடப்பாரையையும் அரிவாளையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் இறங்கினேன்.

"வேணாங்க. இந்த வெயில்ல வேணாம்" என்றாள் மனைவி.

"உங்கப்பாவுக்கு வெக்கம் வரணும்ல?"

வேண்டுமென்றே சத்தம் வரும்படி செங்கல்லை எறிந்தேன். முக்கால் மணி நேரம் வியர்வை கொட்டியது. பிறகு தலைக்குள் யாரோ இடிப்பதுபோல இருந்தது. வீம்பு விடவில்லை. ஒருகட்டத்தில் வியர்வை நின்றது. உடம்பு பழகிவிட்டது என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

மாமா பின்கதவில் வந்து நின்றார். "மாப்பிள்ளை, உள்ள வாங்க."

"ஏன்? இங்க மட்டும்தான் வெயிலா? ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் நிலாவா காயுது?"

அவர் முகம் செத்துப்போனது. பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவர் இறங்கி வந்து என் முதுகில் உள்ளங்கையை வைத்தார். வேலை செய்தவன் முதுகா இது என்று கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"காஞ்சிருக்கு" என்றார். "ஐயோ, காஞ்சிருக்கும்மா! தண்ணி கொண்டா!"

அதற்குமேல் எனக்கு நினைவு துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. குளியலறைத் தரை. அக்குளில் ஈரத்துணி. அட்டையால் விசிறும் மனைவி. "பேசுங்க மாப்பிள்ளை, ஏதாவது பேசுங்க" என்று ஒரு குரல். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: வெயில் ரொம்பவும் தாக்கினால் சிலருக்கு வியர்வையே நின்றுபோகும், உடம்பு உலைபோலக் கொதிக்கும், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம்.

மறுநாள் சாயங்காலம், ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து மாமா சொன்னார்.

"போன வருஷம் இதே மாசம் மாப்பிள்ளை. ஒரு ஆளு வந்து, தலை சுத்துதுன்னான். முதுகைத் தொட்டேன். காஞ்சிருந்துச்சு. நடிக்கிறான்னு நினைச்சுத் திருப்பி அனுப்பிட்டேன். அரை மணி நேரத்துல தார் டின் பக்கத்துலயே விழுந்துட்டான். ஆஸ்பத்திரியில உசிரு போயிடுச்சு. அங்க டாக்டர் சொன்னப்புறம்தான், காஞ்ச முதுகுன்னா என்னன்னு எனக்குத் தெரிஞ்சுது. இருபத்தெட்டு வருஷமாத் தலைகீழாப் படிச்சிருக்கேன்."

அந்தத் தகரக் கூரை வீடு அவனுடையது. டீ வைத்த பெண் அவன் மனைவி. வீட்டின் பக்கத்தில் காய்கறிச் செடி வைக்க மண்ணைக் கொத்தத் தொடங்கியிருந்தானாம். பாதியில் நின்றதை இவர் முடித்துக்கொண்டிருந்தார், வெயில் ஏறுவதற்குள்.

"நம்ம வீட்டு வேலையை நான் தொட்டா, நீங்களும் ஒத்தாசைக்கு இறங்குவீங்க. வெயில் ஏறினாலும் விட மாட்டீங்க, உங்க வீம்பு எனக்குத் தெரியும். அதான் தள்ளிப் போட்டேன்."

வெட்கமாக இருந்தது எனக்கு. ஆனாலும் என் புத்தி சும்மா இருக்குமா?

"நீங்க திருப்பி அனுப்பினது அந்தம்மாவுக்குத் தெரியுமா மாமா?"

"தெரியாது."

"அப்ப, மனசு கேக்காம அங்க போறீங்களா? இல்ல, அவங்க உங்களை எதுவும் கேட்டுடக் கூடாதுன்னு போறீங்களா?"

உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "ரெண்டும்தான்னு வெச்சுக்குங்க" என்றார்.

நான் வீடு திரும்பிய மறுநாள் அந்தப் பெண் எங்கள் வாசலில் வந்து நின்றாள். ஆஸ்பத்திரியில் என்னைக் கவனித்துக்கொண்டிருந்ததால் மாமா நாலு நாளாக அங்கே போகவில்லை. அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று விசாரிக்க வந்திருந்தாள். உட்காரச் சொன்னேன், மறுத்துவிட்டாள். மாமா உள்ளறைக் கதவுக்குப் பின்னால்தான் இருந்தார். கதவுக்கடியில் அவர் பாதங்கள் எனக்குத் தெரிந்தன.

"தம்பி, மேஸ்திரிகிட்ட ஒண்ணு கேக்கணும். நேர்ல கேக்க வாய் வரல. நீங்க கேட்டுச் சொல்றீங்களா?" என்றாள். "அன்னிக்குக் காலையிலயே எங்க வீட்டுக்காரருக்குத் தலைவலி. முடியலேன்னா மேஸ்திரிகிட்ட சொல்லிட்டு வந்துடுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். இவ்வளவு நல்ல மனுஷர், சொல்லியிருந்தா அனுப்பியிருப்பாரே? இந்த ஆளு வாயைத் திறந்து சொல்லவே இல்லபோல. ஒரு வருஷமா இவர் போட்டோவைத் திருப்பி வெச்சிருக்கேன் தம்பி. பாக்கப் புடிக்கல. சொன்னாரா, இல்லையா? அது மட்டும் தெரிஞ்சாப் போதும்."

ஆயிரம் பொய்யை முகத்துக்கு நேரே பிடித்தவன் நான். அன்று என் வாயில் ஒரு பொய்கூட வரவில்லை. உண்மையும் வரவில்லை. "கேட்டுச் சொல்றேம்மா" என்றேன். கதவுக்கடியில் இருந்த பாதங்கள் அசையவே இல்லை.

அன்று முழுக்க மாமா சாப்பிடவில்லை. போவாரா, இல்லை வெயில் தாழட்டும் என்று இதையும் தள்ளிப்போடுவாரா என்று சந்தேகப்பட்டுக்கொண்டே படுத்தேன்.

நாலரை மணிக்கு வாசற்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. எழுந்து போய் அவர் அறையைப் பார்த்தேன். செருப்பைக் காணோம். கட்டிலுக்கடியில் கோணியில் சுற்றின மண்வெட்டி அப்படியே கிடந்தது.